ஓலை அறையின் மூன்று பூட்டு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வம்பு வரக்கூடிய ஒரு நாட்டில், அன்று சபையில் இருந்தவர்கள்: அரசர், பிரதானி குமாரசூரியர், தூங்குகிற புரோகிதர், தூங்காத ஒற்றர்கள் ஏழு பேர், கையும் களவுமாகப் பிடிபட்ட விகடகவி கஞ்சமலை. களவு என்பது அவன் வீட்டு இரும்புத் தாழ்ப்பாள்.

குடிகள் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் பேசுகிறார்கள் என்று அரசருக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. உடனே, "எல்லாக் கதவின் பூட்டும் தாழ்ப்பாளும் கழற்றப்படும்" என்று ஆணை போட வைத்தார் பிரதானி. ஒற்றர்கள் வீடுவீடாக நுழைந்து, யார் என்ன தின்றார்கள், யாரை வைதார்கள் என்று எழுதி அரண்மனை ஓலை அறையில் சேர்த்தார்கள்.

"அழைக்காமல் குடிகளின் வாசற்படி மிதியேன்" என்று முடிசூடிய நாளில் அரசர் சத்தியம் செய்திருந்தார்.

"மிதிப்பது ஒற்றர்களின் கால்தானே, மகாராஜா" என்று பிரதானி அதற்கும் வழி சொன்னார்.

கஞ்சமலை மட்டும் தாழ்ப்பாளைக் கொடுக்கவில்லை. அவன் வாய்மேல் பிரதானிக்கு ஏற்கெனவே எரிச்சல்.

"தப்புச் செய்யாதவனுக்குத் தாழ்ப்பாள் எதற்கடா?" என்றார்.

"என் பெண்டாட்டி என்னை வைவது எனக்கு மட்டும் கேட்டால் போதுமே, பிரதானியாரே."

யாரும் சிரிக்கவில்லை.

"யோக்கியனுக்கும் தாழ்ப்பாள் வேண்டும் என்று நாளைக்குள் நிரூபி. இல்லாவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போ" என்றார் அரசர்.

கஞ்சமலை வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கொல்லனிடம் போனான்.

மறுநாள் பிரதானி தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். "மகாராஜா! இந்தப் படுபாவி ஓலை அறையின் மூன்று பூட்டையும் கழற்றிவிட்டான்! ஊரே உள்ளே நிற்கிறது!"

"எல்லாக் கதவும் என்பது ஆணை. படித்துக் காட்டினேன், காவலன் ஒதுங்கிக்கொண்டான்" என்றான், கொல்லனோடு பின்னாலேயே வந்த கஞ்சமலை.

"மடையா! ஒருவர் வீட்டு விஷயத்தைக் கண்டவனெல்லாம் படிக்கலாமா?"

கத்திய பிறகுதான் பிரதானிக்குத் தன் பேச்சு காதில் விழுந்தது.

"நேற்று நான் சொல்ல வந்ததும் இதுதான். அவர் என்னைவிட அழகாகச் சொல்கிறார்" என்ற கஞ்சமலை, பட்டுத்துணி சுற்றிய ஓலைக்கட்டு ஒன்றை அரசரிடம் நீட்டினான்.

அரசர் முதல் வரியை வாய்விட்டே படித்துவிட்டார். "இடி இடித்தால் மகாராஜா மகாராணியின் முதுகுக்குப் பின்னால்..." மிச்சத்தை விழுங்கினார். அடுத்த ஓலை மீசைச் சாயத்தைப் பற்றியது. புரோகிதர்கூட விழித்துக்கொண்டார்.

"என்னையுமா, குமாரசூரியரே?"

"எல்லா வீடும் என்று... அரண்மனையும் ஒரு..."

தாழ்ப்பாள்களைத் திருப்பிக் கொடுக்கவும், ஓலைகளைக் கொளுத்தவும் உத்தரவானது. ஒற்றர்கள் ஏழு பேரும் பழக்கதோஷத்தில் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

"எரித்தாலும் ஒரு பிரதி மிஞ்சும், மகாராஜா. பிரதானியார் தலைக்குள்" என்றான் கஞ்சமலை.

"மறக்கும்வரை அந்தக் காலி அறையிலேயே கிடக்கட்டும். ஆமாம், மறந்துவிட்டார் என்று நமக்கு எப்படித் தெரியும்?"

"அவரையே கேளுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஆயிற்றே."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கஞ்சமலைக்குத் தங்கத்தில் ஒரு தாழ்ப்பாள் செய்து தரச் சொன்னார்.

"தங்கம் வளையும், மகாராஜா" என்று கஞ்சமலை தன் இரும்புத் தாழ்ப்பாளையே கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

ஓலை அறைக்குள் பிரதானியைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கொல்லன் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று பூட்டையும் பூட்டினான்.