மூன்று விதமாய் அச்சடித்த கல்யாணம்

செண்பகவல்லி அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். அவள் சந்தேகம் கேட்கப் போகும் குரு அவளைவிட ஆறு வயது இளையவர். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் முன்னால் மூன்று அழைப்பிதழ்களைப் பரப்பினாள்.

"சாமி, கல்யாணம் ஒண்ணுதான். ஆளுக்குத் தகுந்த மாதிரி மூணு விதமா அடிச்சிருக்கேன். இது பொய் சொல்ற மாதிரி ஆயிடுமா?"

"தெரியலையே" என்றார் குரு. உண்மையாகவே அவருக்கு ஆர்வமாகிவிட்டது. "அவங்கவங்களுக்குக் கொடுக்கிற மாதிரி எனக்குக் கொடுங்க, பார்ப்போம்."

முதல் அழைப்பிதழ் மகளின் சிநேகிதர்களுக்கு. மணமக்கள் ஸ்கூட்டரில் போகும் கேலிப்படம். 'லேட்டாக வந்தால் பாயசம் கிடையாது' என்று கீழே எழுதியிருந்தது.

"டேய், லீவு கிடைக்கலைன்னு சாக்குச் சொல்லக் கூடாது!" என்று நீட்டியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"லீவு போட்டாச்சு" என்றார் குரு.

இரண்டாவது மருத்துவமனைக்காரர்களுக்கு. வழவழப்பான அட்டை, நாலே வரி, அடியில் அவள் பெயர்.

"டாக்டர், குடும்பத்தோட வந்து ஆசீர்வாதம் பண்ணணும்."

குரு எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது சொந்தக்காரர்களுக்கு. நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார். அதை அவள் எடுக்கவில்லை.

"இதை நான் கொடுக்க மாட்டேன் சாமி. எங்க பெரியத்தானும் அக்காவும் வீடு வீடாப் போய்க் கொடுப்பாங்க."

பெரியத்தான் என்றால் அவள் கணவரின் அண்ணன்; அக்கா அவர் மனைவி.

"நீங்க போகலையா?"

"எங்க வீட்டுக்காரர் தவறிப் பதினோரு வருஷம் ஆச்சு. நல்ல காரியத்துக்கு நான் போய் வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும்?"

குரு அந்த அழைப்பிதழை எடுத்து விரல் வைத்துப் படித்தார். பெரியத்தான் அழைத்திருந்தார். காலஞ்சென்ற சங்கரலிங்கத்தின் மகள் என்று போட்டிருந்தது. நல்வரவை நாடுவோர் இருபத்துமூன்று பேர். போன மாதம் பிறந்த குழந்தைகூட நாடியிருந்தது.

"உங்க பேரைக் காணோமே?"

"எங்க பக்கம் போடுறதில்லை சாமி."

"தாலி கட்டும்போது எங்கே இருப்பீங்க?"

"பின்னாடி தூணோரமா நின்னு பார்த்துக்குவேன். அங்கேயிருந்து நல்லாத் தெரியும்."

பஸ் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னாள். கேட்பவருக்குத்தான் தாங்கவில்லை.

குரு அவளிடமிருந்து ஒரு பேனாவை வாங்கினார். மூன்றாவது அழைப்பிதழை உறையில் போட்டு, மேலே ஒரு பெயர் எழுதினார். எழுந்து, இரண்டு கையாலும் நீட்டினார். பழக்க தோஷம், அவளும் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிவிட்டாள். பிறகுதான் உறையைப் பார்த்தாள்.

திருமதி செண்பகவல்லி.

"சாமி, இது எனக்கா?"

"உங்க மகளுக்குக் கல்யாணமாம். உங்களை இன்னும் யாரும் அழைக்கலை போலிருக்கு" என்றார் குரு. "அவசியம் மணமேடைக்கு வந்துடணும்."