வில் தொடாத கம்பி

மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் நார்வே நாட்டில், தோர்கெய்ர் என்றொரு பிடில்காரர் இருந்தார். அவருடைய பிடில் பாடுவதற்கு முன்பே ஆளை மயக்கிவிடும். உச்சியில் கிரீடம் வைத்த சிங்கத்தலை, ஓரமெல்லாம் முத்துச்சிப்பி, உடம்பு முழுக்கக் கறுப்பு மையில் வரைந்த பூங்கொடி.

மேலே நான்கு நரம்புகள். அவற்றுக்கு அடியில், வில்லுக்கு எட்டாத இடத்தில், மெல்லிய எஃகுக் கம்பிகள் ஐந்து. மேலே இருப்பவை பாடினால் கீழே இவை தாமாக அதிரும். வேறு வேலை கிடையாது.

ஐந்தாவது கம்பிக்கு அதில் பெரிய மனக்குறை.

“வில்லண்ணா, ஒரே ஒரு தடவை என்னைத் தொடக்கூடாதா?”

“அவ்வளவு கீழே என்னால் வர முடியாதம்மா” என்றது வில்.

சிங்கத்தலை சிரித்தது. “சும்மா கிடந்தே பாட்டில் பங்கு கிடைக்கிறது. இவளுக்கு உழைக்க ஆசையாம்!”

“உங்களுக்கென்ன தாத்தா, வாயைத் திறந்து வைத்திருந்தால் போதும்” என்றது கம்பி.

அந்தக் கோடையில் ஊர்ப்பெண் குன்வோருக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்கு முன்னால் பிடில்காரர் வாசித்துக்கொண்டே நடந்து, தேவாலய வாசலில் கொண்டுபோய் விடுவது அந்த ஊர் வழக்கம். படகிலிருந்து இறங்கிப் பாதி மேடு ஏறியிருந்தார்கள். பட்டென்று மேல் நரம்பு ஒன்று அறுந்தது. மாற்று நரம்போ வீட்டு மேசைமேல் கிடந்தது.

ஊர்வலம் நின்றது. குன்வோர் தலையிலிருந்த கனத்த வெள்ளிக் கிரீடத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சீக்கிரம் மாமா! என் கழுத்து ஒடிந்தால் மாப்பிள்ளை வேறு பெண் பார்க்கப் போய்விடுவார்.”

தோர்கெய்ர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஐந்தாவது கம்பியைக் கழற்றி, அறுந்த நரம்பின் இடத்தில் முறுக்கினார்.

“இன்றைக்கு நீ வாடி, குட்டி.”

வில் தொட்டது. கம்பி முதலில் கிறீச்சிட்டது, பிறகு பாடியது. பெண்ணின் கிரீடம் கிணுகிணுக்க, ஊர்வலம் மறுபடி மேடேறியது.

வில் விலகிய பிறகும் தன் குரல் காற்றில் நிற்பதைக் கம்பி கவனித்தது. குனிந்து பார்த்தது. கீழே மற்ற நான்கு கம்பிகளும் அதிர்ந்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா, நீங்களா?”

“பேசாதே, பாடு. நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.”

ஒரு சுரம் மட்டும் வில் நீங்கியதும் செத்து விழுந்தது. ஒவ்வொரு முறையும் அதே சுரம்தான். அடியில் இருந்து இதுவரை அதைத் தாங்கியது தான்தான் என்று கம்பிக்குப் புரிந்தது. கல்யாணக் கும்பல் கவனிக்கவில்லை. தோர்கெய்ர் மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் முகம் சுளித்தார்.

வீடு திரும்பியதும் அவர் கம்பியைக் கழற்றினார். அது முறுக்குண்டு வளைந்திருந்தது.

“போச்சு. தூக்கி எறியப்போகிறார்” என்றது சிங்கம். இம்முறை அது சிரிக்கவில்லை.

பயத்தில் கம்பிக்கு உயிரே இல்லை. தோர்கெய்ர் அதை விரலிடுக்கில் வைத்து மெல்ல மெல்ல நீவினார். பழைய துளை வழியாகவே கீழே செலுத்தி, காதை வைத்துச் சுருதி சேர்த்தார். பிறகு மேலே புது நரம்பைக் கட்டினார்.

வில் நெருங்கியபோது புது நரம்பு நடுங்கியது. “எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.”

“நீ பாடு. நான் கீழே இருக்கிறேன்” என்றது ஐந்தாவது கம்பி.