ஏழாவது ஒட்டு

அருளப்பனுக்கு ஐம்பத்து மூணு வயசு. ராணுவ விமானங்களுக்கு இருபத்தெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்தவர். பழைய சிறு விமானங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் உரிமம் வேண்டி, தன்னைவிடப் பதினாலு வயசு இளைய மெஹருன்னிசாவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்திருந்தார். அதில் அவருக்கு வெட்கமில்லை. அவள் வாயே திறக்காமல் வேலை வாங்குவதுதான் வயிற்றெரிச்சல்.

விமானம் நிறுத்தும் ஹேங்கர் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சோதனைத் தாள் மாட்டியிருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. கையெழுத்து இருந்த இடத்தை மட்டும் கண்ணாடியின் சட்டம் மறைத்திருந்தது. எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று அருளப்பன் அதைப் பார்த்துப் பார்த்தே தன் தாள்களை நிரப்புவார்.

அன்று காலை சோதனைக்கு நின்றது அறுபது வருஷத்துப் பழைய இருவர் உட்காரும் விமானம். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இறக்கை. அடியில் ஏழு துளைகள், ஒவ்வொன்றையும் மூடி வட்டமாய் ஒரு துணி ஒட்டு. ஒட்டைக் கிழித்து, டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, மரம் உளுத்திருக்கிறதா, பசை விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு புது ஒட்டு.

ஆறைக் கிழித்துப் பார்த்தார். ஏழாவதின் மேல் விமானத்தின் சொந்தக்காரர் வேதமாணிக்கம் போன வாரம்தான் ஒரு மயில் வரைய வைத்திருந்தார்.

"அதை மட்டும் விட்டுடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சாயங்காலம் ஓட்டப்போவது அவர் மகள் ஜெபா. பெற்றவனே சொல்லும்போது நமக்கென்ன வந்தது? தாளில் ஏழு டிக் விழுந்தது.

"முடிஞ்சுது மேடம். கையெழுத்துப் போடலாமா?"

மெஹருன்னிசா இறக்கைக்கடியில் குனிந்து பார்த்தாள். ஆறு ஒட்டுகளில் பசை இன்னும் ஈரம். மயில் அப்படியே இருந்தது.

"போடலாம்ணே. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட, ஏழும் பார்த்துட்டேன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

ஜெபா ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சிரித்தாள். "எல்லாம் ஓகேவா அங்கிள்?"

தாளில் எழுத வந்தது வாயில் வரமாட்டேன் என்றது. "கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து கத்தியை எடுத்தார். மயிலின் வயிறு கிழிந்தது.

உள்ளே மரம் கல்லு மாதிரி இருந்தது. பசையில் ஒரு விரிசல் இல்லை.

வேதமாணிக்கம் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார். அருளப்பன் தாளை மேஜையில் எறிந்தார்.

"பார்த்தீங்களா மேடம்? ஒண்ணுமில்லை! ஆறும் நல்லா இருந்தா ஏழும் நல்லாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷம் புல்லா புடுங்கினேன்? நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணும், அதானே?"

அவள் புது ஒட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் சுவரைக் காட்டினார். "அதோ, அதை எழுதினவரு மனுஷன்! தொழில் கத்துக்கிட்டா அவர்கிட்டக் கத்துக்கணும். யார் மேடம் அவரு?"

"நான்தாண்ணே." கத்தரிக்கோல் நிற்கவில்லை. "அதுலயும் ஏழு டிக் இருக்கும், பாருங்க. நான் பார்த்தது ஆறு. ஆறும் நல்லாத்தான் இருந்துச்சு. ஓட்டினது என் தம்பி."