மூன்றாம் கதவுக் கொக்கி

“கோபம் அடங்கவே மாட்டேங்குதுங்க சாமி. அதை அடக்க ஒரு வழி சொல்லுங்க.”

சென்னிமலை வந்து உட்கார்ந்ததும் இதைத்தான் கேட்டார். போன ஞாயிறும் கேட்டார். அதற்கு முந்தைய ஞாயிறும் கேட்டார்.

அவர் அணு விஞ்ஞானி. கைத்தறிக்காரர் வீட்டில் பிறந்து, உதவித்தொகையில் படித்து, வெளிநாடு போய்ப் பட்டம் வாங்கித் திரும்பி, ஓர் அணு உலையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வுக்கு இன்னும் நாலே மாதம்.

எதிரே இருந்தவர் மடத்தை நடத்தும் துறவி அம்மை. விஞ்ஞானியைவிடப் பதினைந்து வயது இளையவர். ராகி புடைத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப என்ன ஆச்சுங்க?”

“நாளைக்கு விசாரணை. நம்ம கருப்பணனுக்கு ரத்தத்துல கோளாறு, ஆஸ்பத்திரியில கிடக்கறான். உலைக்குள்ள போறப்ப அவன் பேட்ஜ் போடலை, எல்லாம் அவனோட அஜாக்கிரதைதான்னு ஒரு காகிதம் தயார் பண்ணி வெச்சிருக்கானுங்க. பிரிவுத் தலைவன்னு அதுல நான் கையெழுத்துப் போடோணுமாம்!”

“போட்டா?”

“உலைச் செலவுல நடக்கற வைத்தியத்தை நிறுத்திப்போடுவாங்க. அவன் கதை அத்தோட முடிஞ்சுது. படுபாவிங்க!”

குரல் கூரையை முட்டியது. முட்டாமல் என்ன செய்யும்? பதினேழு வருஷம் உலைக்குள் குழாய் துடைத்த மனிதன். அவன் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் நேரம் பார்த்து, பழியையும் அவன் தலையிலேயே கட்டுகிறார்கள். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

“பேட்ஜுன்னா என்னங்க?”

“நெஞ்சுல மாட்டிக்கறதுங்க. உடம்புல எவ்வளவு கதிர் பட்டுதுன்னு அது காட்டிக் குடுத்துரும். அளவு தாண்டினா அப்புறம் அந்த ஆளை உள்ள விடமாட்டாங்க.”

“அவரு ஏன் போடலை?”

“போடாம இல்லைங்க சாமி. மூணாம் கதவுக்கு வெளியில சுவத்துல ஒரு கொக்கி இருக்கு. ஒப்பந்த ஆளுங்க பேட்ஜை அதுல மாட்டிப்போட்டுத்தான் உள்ள போவாங்க. அளவு ஏறிட்டா வேலை போயிருமே! இது மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனாச்சும் வாயைத் திறக்கறானா?”

“நீங்க?”

“நான்தான் வாராவாரம் இங்க வந்து கத்தறேனே!”

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

“அந்தக் கொக்கியை ஆருங்க அடிச்சது?”

சென்னிமலை சுவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“அது... ரொம்ப நாளா இருக்குதுங்க.”

“தானா முளைச்சுதாக்கும்?”

சென்னிமலை பேச்சை மாற்றினார்.

“எனக்கு அதெல்லாம் வேண்டாங்க சாமி. இங்க வந்து கொட்டிட்டா மனசு லேசாயிருது. திங்கக்கிழமை நிம்மதியா வேலைக்குப் போயிருவேன். இன்னைக்கு மட்டும் என்னவோ லேசாகலை.”

அம்மை எழுந்தார்.

அந்த மடத்துக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அதற்காக வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி உண்டு. சென்னிமலையின் சட்டை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மை சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டார். கொக்கியை இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கினார். காரை பெயர்ந்து கொட்டியது.

“சாமி! அடுத்த வாரம் வந்தா சட்டையை எங்க மாட்டறது?”

“மாட்ட வேண்டாம். போட்டுக்கிட்டே உள்ள போங்க.”

“மடத்துக்குள்ளயா?”

அம்மை கொக்கியை அவர் கையில் வைத்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் ராகி புடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். காகிதமும் பேனாவும் தயாராக இருந்தன.

“நாலு மாசத்துல வீட்டுக்குப் போற மனுஷன் நீங்க. எதுக்கு சார் வம்பு? போட்டுருங்க” என்றார் நடுவில் இருந்தவர். மகா கரிசனமான குரல்.

சென்னிமலை பேனாவைத் தொடவில்லை. பையிலிருந்து கொக்கியை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தார்.

“என்ன சார் இது?”

“கொக்கி. இதே மாதிரி ஒண்ணு மூணாம் கதவுக்கு வெளியில இருக்கு. கருப்பணன் பேட்ஜ் அதுலதான் தொங்குச்சு. உங்க மூணு பேருக்கும் தெரியும்!”

ஞாயிற்றுக்கிழமைக் குரல் முதல்முறையாகத் திங்கட்கிழமை கேட்டது.

“சார், யோசிச்சுப் பேசுங்க. அந்தக் கொக்கியை யாரு அடிச்சாங்கன்னு கேள்வி வந்தா...”

“வரட்டும். ஒப்பந்த ஆளுங்க பொழப்புப் போயிரக் கூடாதுன்னு, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால நான் என் கையால அடிச்சேன். எழுதிக்கோங்க.”