எதிரே யாரும் வராத பாதை

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. காட்டில் எதற்குக் கல்லூரி என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. நம் ஊரில் மட்டும் என்னவாம்? தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி வாசலில்தானே விழுகிறோம்! அந்தக் காட்டுக் கல்லூரியில் தொழிற்பொறியியல் தொழில்நுட்பம் என்று ஒரு பட்டப்படிப்பு இருந்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒருவர் வேலை செய்வதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் எது வீண் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை நீக்கிவிட்டு, வேலை சீக்கிரம் முடிய வழி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் படிப்பு.

பாடம் நடத்தியவர் பேராசிரியர் கொக்கு. அவர் எப்போதும் ஒற்றைக் காலில்தான் நிற்பார். "ஒரு கால்ல நிக்க முடியுறப்போ ரெண்டாவது கால் எதுக்கு? வீண்!" என்பார். யாராவது வணக்கம் சொன்னால் கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறப்பார். பதில் வணக்கமும் வீண்தான்.

அந்த வகுப்பில் சிலிர்ப்பன் என்றொரு முள்ளம்பன்றி படித்தான். நல்ல படிப்பாளி. ஆனால் பாவம், அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். முதல் வருடம் ஒரு மான் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, முள் குத்தி அலறியதில் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து சிலிர்ப்பனே முந்திக்கொண்டான். "கொஞ்சம் தள்ளிக்குங்க, முள்ளு குத்திரும்" என்று சொல்லிக்கொண்டேதான் எங்கும் நடப்பான். எல்லாரும் தள்ளிக்கொள்வார்கள். பல நாட்கள் அவன் வாயிலிருந்து வந்த பேச்சே அது ஒன்றுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் மூலையில் உட்கார்ந்து கிழங்கைக் கடிப்பான். அழுகை வரும். கிழங்கோடு சேர்த்து விழுங்கிவிடுவான்.

கடைசி வருடம் வந்தது. ஆளுக்கொரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். கூட்டு சேர்ந்தும் செய்யலாம் என்றார் கொக்கு. குரங்குகள் குரங்குகளோடு சேர்ந்தன. மான்கள் மான்களோடு சேர்ந்தன. "நீயும் வர்றியா?" என்று யாராவது கேட்பார்கள் என்று சிலிர்ப்பன் சாயங்காலம் வரை மரத்தடியில் நின்று பார்த்தான். யாரும் கேட்கவில்லை. தனியாகவே எறும்புப் புற்றுக்குப் போனான்.

புற்றில் மேஸ்திரி எறும்பு என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு எதிலும் அவசரம்.

"யாருப்பா நீ? சட்டுனு சொல்லு, தலைக்கு மேல வேல கெடக்கு!"

"காலேஜ்ல படிக்கிறேங்க்கா. உங்க வேலைய இன்னும் சீக்கிரம் முடிக்க வழி சொல்லலாம்னு வந்தேன்."

"சீக்கிரமாவா? அப்பச் சொல்லு, சொல்லு! மழைக்கு முன்னாடி புல்லரிசி சேத்துப் புத்த நெரப்பணும். இல்லேன்னா புள்ளைங்க எல்லாம் பட்டினி."

சிலிர்ப்பன் பாதையோரம் உட்கார்ந்து பார்த்தான். புற்றிலிருந்து புல்வெளிக்கு ஒரு வரிசை போனது. புல்வெளியிலிருந்து புல்லரிசியோடு ஒரு வரிசை வந்தது. எதிரும் புதிருமாகச் சந்திக்கும்போதெல்லாம் எறும்புகள் நின்றன. மீசையால் ஒன்றையொன்று தொட்டன. பிறகுதான் நடந்தன. அடுத்த எறும்பு எதிரே வந்ததும் மறுபடி நின்றன, தொட்டன.

"அக்கா, இது எதுக்கு?"

மேஸ்திரி எறும்பு யோசித்தாள். அவளுக்கும் தெரியவில்லை. "எதுக்குன்னு கேட்டா... என்னத்தச் சொல்றது? பொறந்ததுலேருந்து பழக்கம்."

"அப்ப அது வீண்."

"வீண்தான் போலிருக்கே! எடுத்துரு, எடுத்துரு!"

சிலிர்ப்பன் காய்ந்த மூங்கில்களை இழுத்து வந்து, பாதையின் நடுவே நீளத்துக்கும் போட்டான். மூங்கிலுக்கு வலப்பக்கம் போகிறவர்கள், இடப்பக்கம் வருகிறவர்கள். புற்றுக்கும் உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல் என்று வைத்தான். யாரும் யாருக்கும் எதிரே வர வேண்டியதில்லை. நிற்கவும் வேண்டியதில்லை.

வேலை பறந்தது. புல்லரிசி குவிந்தது. பார்க்க வந்த பேராசிரியர் கொக்கு அசந்துபோய், தூக்கி வைத்திருந்த இரண்டாவது காலையும் தரையில் ஊன்றிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அதுதான் கைதட்டல்.

"பிரமாதம்! மழை இறங்குறப்போ மறுபடி வருவேன். இந்த மூங்கில் பாதை இப்படியே ஓடிட்டிருந்தா உனக்குப் பட்டம்."

சிலிர்ப்பனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஹாஸ்டல் வரைக்கும் வேக வேகமாக நடந்தான். வாசலில் மான்கள் நின்றிருந்தன. அவனைக் கண்டதும், அவன் வாயைத் திறக்கும் முன்பே, தள்ளிக்கொண்டு வழி விட்டன. சிலிர்ப்பன் நேராக அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

வானம் கறுக்கத் தொடங்கிய ஒரு நாள், சிலிர்ப்பன் புற்றுக்குப் போனான். உள்ளே எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குவியல் ஏறவே இல்லை, பாதியில் நின்றிருந்தது. எறும்புகளோ முன்பைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தன.

மூங்கிலின் இடப்பக்கம் போய்ப் பார்த்தான். வருகிற எறும்புகள் எல்லாம் வெறும் வாயோடு வந்துகொண்டிருந்தன. ஒன்றை நிறுத்திக் கேட்டான்.

"ஏங்க்கா, புல்லரிசி எங்க?"

"காட்டெருமைங்க வந்து புல்வெளிய மொட்டையா மேஞ்சிட்டுப் போயிருச்சுங்க. அங்க ஒரு மணிகூட இல்ல."

"அப்புறம் ஏன் இத்தனை பேர் இன்னும் அங்கயே போறாங்க? நீங்க சொல்லலையா?"

"யார்கிட்டத் தம்பி சொல்றது? எதுத்தாப்புல யாருமே வரலையே."

அதற்குப் பின்னால் ஒரே ஓர் எறும்பு மட்டும் ஒரு மூங்கிலரிசியை இழுத்துக்கொண்டு வந்தது. "அந்த ஓடைக்கு அந்தாண்ட மூங்கில் பூத்துக் கொட்டிக் கெடக்கு. வழி தவறிப் போனதுல பாத்தேன். நான் ஒருத்திதான் இழுத்துட்டுக் கெடக்கேன்."

சிலிர்ப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் வீண் என்று நீக்கிய அந்தத் தொடுதலில்தான் எல்லாச் செய்தியும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எங்கே இருக்கிறது, எங்கே தீர்ந்தது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருந்திருக்கிறது. எறும்புகளே அறியாமல் சொல்லிக்கொண்டிருந்த செய்தி அது.

'எவ்வளவு சுலபமாக வீண் என்று சொல்லிவிட்டேன்!' என்று நினைத்தான். 'என்னை யாரும் நின்று தொட்டதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?' இத்தனை எறும்புகளையும் தன்னைப் போலவே தனியாக நடக்க வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இந்தத் தடவை விழுங்கக் கையில் கிழங்கு இல்லை.

மழைக்காற்று வீசியது. பேராசிரியர் எந்த நேரமும் வரலாம். மூங்கிலை எடுத்தால் பட்டம் போய்விடும். எடுக்காவிட்டால் எறும்புக் குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

சிலிர்ப்பன் மூக்கால் முட்டி முதல் மூங்கிலை உருட்டினான். அடுத்ததை உருட்டினான். கடைசி மூங்கிலும் பாதையோரப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று கலந்தன. எறும்புகள் நின்றன. மீசையால் தொட்டன. கொஞ்ச நேரத்தில் மொத்த வரிசையும் புல்வெளியை விட்டுவிட்டு ஓடைப் பக்கம் வளைந்தது.

புற்று நிறைவதற்கும் தூறல் விழுவதற்கும் சரியாக இருந்தது. பேராசிரியர் கொக்கும் வந்து ஒற்றைக் காலில் நின்றார்.

"புத்து நெறஞ்சிருக்கு, சரி. உன் மூங்கில் பாதை எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"ஏன்? இதுங்க மறுபடி நின்னு நின்னு போகுதே! வீண் இல்லையா?"

"இல்ல சார். நான்தான் பாக்கத் தெரியாம வீண்னு சொல்லிட்டேன்."

"அப்ப உன் புராஜெக்ட்னு காட்ட இங்க ஒண்ணுமே இல்ல. அடுத்த வருஷம் வேற செஞ்சு காட்டு." கொக்கு கண்ணை ஒரு தடவை மூடித் திறந்துவிட்டுப் பறந்துபோனார்.

மறுநாள் எல்லாரும் பட்டத்தை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கல்லூரி காலியானது. மழையில் நனைந்தபடி சிலிர்ப்பன் புற்றின் ஓரமாக நடந்தான். தரையில் ஏதோ அசைவது தெரிந்தது. பழக்க தோஷத்தில் சொன்னான்: "கொஞ்சம் தள்ளிக்குங்க, முள்ளு குத்திரும்."

"நான் எதுக்குத் தள்ளிக்கணும்?" என்றாள் மேஸ்திரி எறும்பு. அவன் காலில் ஏறினாள். முதுகின் முட்களுக்கு நடுவே புகுந்து நடந்தாள். "உள்ள வந்து பாத்தா எவ்வளவு எடம் கெடக்கு!"

எதற்கும் அவசரப்படுகிற அவள், அவன் நெற்றிக்கு வந்ததும் நின்றாள். மீசையால் மெல்லத் தொட்டாள். தொட்டபடியே வெகுநேரம் நின்றாள்.

நீதி: நின்று பேசும் நேரத்தை வீண் என்று வெட்டினால், போக வேண்டிய வழியும் அதோடு வெட்டுப்பட்டுப் போகும்.