வெயில்ல காயவெச்ச வளையம்

குரு கதைன்னதும் உங்க மனசுல ஒரு படம் ஓட ஆரம்பிக்கும். அதைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஆலமரம், ஆத்தங்கரை, நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி. சிஷ்யன் கேள்வி கேட்டதும் குரு கண்ணை மூடுவாரு. நீங்களும் மூடுவீங்க. கதை முடியறப்போ பாதிப் பேரு குறட்டை. அதானே?

இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது. எப்படி இருக்கும்? பொம்பளை. பேரு மேகலா அம்மா. நாப்பது வயசு இன்னும் ஆகல. கொளத்தூர்ல கலர் மீன் விக்கிற தெருவுல, ஒரு கடைக்கு மேல மாடி. அதான் ஆசிரமம். கமண்டலம் இருக்கான்னு கேட்டீங்கன்னா, மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்துற பிளாஸ்டிக் மக்கு இருக்கு.

சரி, சிஷ்யனாவது இளவட்டமான்னு பாத்தா, அதுவும் இல்ல. தணிகாசலம். ரிட்டையர் ஆனவரு. எந்த ஆபீஸ்ல இருந்தாருன்னு கேக்காதீங்க. மேஜையில பேனா கோணலா கிடந்தா அவருக்குத் தூக்கம் வராது. அது போதும்.

அவர் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்துச்சு. சம்சாரம் செண்பகம் உசுரோட இருந்தவரைக்கும், மேகலா அம்மா அப்பப்போ அங்க வந்து பேசுவாங்க. செண்பகம் போன பிறகு, அவ பேரு நிலைக்கணும்னு கொட்டகையை இடிச்சிட்டு ஒரு தியானக் கூடம் கட்டினாரு தணிகாசலம். வெள்ளை டைல்ஸ். வெள்ளைச் சுவரு. வாசல்ல ‘செண்பகம் தியானக் கூடம்’னு பித்தளை எழுத்து.

எல்லாம் இருந்துச்சு. ஆளுதான் இல்ல.

தினம் சாயங்காலம் விளக்கேத்திட்டு ஒத்தையா உக்காந்திருப்பாரு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா நெஞ்சு துள்ளும். எந்திரிச்சுப் போய்ப் பாத்தா, கொரியர்.

ஆவணி மாசம் ஒருநாள் கொளத்தூருக்கு வந்தாரு. எப்பவும் அவரை ஏத்திட்டு வர்ற ஆட்டோக்காரர் டில்லிபாபு, தணிகாசலத்தோட தெருக்காரர்தான், பின்னாடியே படியேறி வந்து கதவோரமா நின்னாரு.

“அம்மா, கூடத்துல ஒரு குறையும் வைக்கல. ஃபேன் கூட சத்தம் போடாது. ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க. ஏம்மா?”

டில்லி வாயைத் திறந்தாரு. தணிகாசலம் ஒரு பார்வை பாத்தாரு. டில்லி வாயை மூடிக்கிட்டு மீனைப் பாக்க ஆரம்பிச்சாரு.

மேகலா அம்மா அலமாரியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாங்க. உள்ள பீங்கான் வளையங்க. சுண்டுவிரல்ல மாட்டலாம், அந்த அளவு. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, உடம்பெல்லாம் பொடி ஓட்டை. அதை ஒரு வலைப் பையில கட்டி, தன்னோட பழைய மீன் தொட்டியில, ஃபில்டருக்குள்ள அமுக்கி வெச்சாங்க.

“என்னம்மா பண்றீங்க?”

“ஊறப்போடுறேன்.”

“எதுக்கு?”

“கேள்வி கேட்டீங்கள்ல, அதுக்கு. கூடத்துக்கு ஒரு மீன் தொட்டி வாங்கி வைங்கய்யா. தீபாவளி கழிச்சு வாங்க.”

“தீபாவளியா? இதோ கீழ கடையில மீன் விக்கிறான். இன்னிக்கே வாங்கி விட்டுடலாமே.”

“விடலாம். நாளைக்கு எடுத்தும் போட்டுடலாம்.”

தீபாவளி முடிஞ்சு வந்தாரு. பையை வெளிய எடுத்தா, வளையமெல்லாம் பழுப்பு. கை வெச்சா வழவழன்னு. குளத்துச் சேறு மாதிரி ஒரு வாசனை. அம்மா அதைத் தொட்டித் தண்ணியோடவே ஒரு கவர்ல போட்டு, இன்னொரு கவர்ல நாலு தங்கமீனு குடுத்தாங்க.

“நனைஞ்சபடியே கொண்டு போய் ஃபில்டர்ல போட்டுடுங்க. அப்புறம் மீனை விடுங்க.”

இதுக்கு மேல தெளிவா யாரும் சொல்ல முடியாது. ஆனா தணிகாசலம் சிஷ்யராச்சே. குரு நேரா சொன்னதை நேரா எடுத்துக்கிட்டா அவரு என்ன சிஷ்யரு? ஆட்டோ பாடி மேம்பாலம் தாண்டுறதுக்குள்ள உள்ளர்த்தம் கண்டுபிடிச்சிட்டாரு. ‘நனைஞ்சபடியே’ன்னா மனசு நனைஞ்சபடியே. அழுக்கைக் கையில குடுத்தாங்கன்னா, அதைப் போக்குறதுதான் நமக்குப் பாடம்.

பத்து நாள் ஆகல, திரும்பி வந்துட்டாரு. ஒரு கையில வலைப் பை. டில்லி கையில வாளி. வாளியில ஒரே ஒரு மீனு, தண்ணிக்கு மேல வாயை வெச்சு ‘ப்பா, ப்பா’ன்னு காத்தைத் தேடிக்கிட்டிருக்கு.

“மிச்சம் மூணு?”

தணிகாசலம் தலையைக் குனிஞ்சாரு.

அம்மா முதல்ல மீனைப் பழைய தொட்டிக்குள்ள விட்டாங்க. அப்புறம் பையைப் பிரிச்சாங்க. வளையமெல்லாம் பளீர்னு வெள்ளை.

“என்னய்யா பண்ணீங்க?”

“கழுவினேம்மா.”

“எப்படி?”

“வெந்நீர்ல. பிளீச்சிங் பவுடர் போட்டு. பிரஷ் வெச்சுத் தேய்ச்சு, மொட்டை மாடி வெயில்ல காயவெச்சேன். உங்க கையால குடுத்தது. அதைப் போய் அழுக்கோட வைக்கலாமா?”

“அழுக்கில்லய்யா. உசுரு.”

“எதும்மா?”

“அந்த வழவழப்பு. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி, கோடிக்கணக்குல ஒட்டிக்கிட்டிருந்துச்சு. மீன் போடுற அசிங்கம் தண்ணியில விஷமா மாறும். அந்த விஷத்தைத் தின்னுட்டு, தொட்டியைத் தொட்டியா வெச்சிருந்தது அதுதான். இந்தக் கிழட்டுத் தொட்டியில இருந்து வளையத்துல ஒட்ட வைக்கத்தான் தீபாவளி வரைக்கும் ஆச்சு.”

தணிகாசலம் அந்த வெள்ளை வளையம் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல காட்டிப் பாத்தாரு. ஒரு பொட்டுக் கறை இல்ல. அவரு வாழ்க்கையிலயே இவ்வளவு சுத்தமா எதையும் கழுவினதில்ல.

“அப்போ நான் கொன்னது மூணு மீனை மட்டும் இல்லையா?”

அம்மா அவரு கையிலிருந்த வளையத்தை வாங்கிப் பையில போட்டு, மறுபடி பழைய தொட்டிக்குள்ள அமுக்கினாங்க. நாலு குமிழி மேல வந்து உடைஞ்சுது. காப்பாத்தின மீனு ஒரு சுத்து சுத்திட்டு, மத்த மீனுங்களோட போய்ச் சேந்துக்குச்சு.

“திரும்ப வருமாம்மா?”

“வரும். வர விட்டா வரும்.”



“சரிம்மா,” தொண்டையைச் செருமிக்கிட்டாரு. “மீன் விஷயம் புரிஞ்சுது. பொங்கல் வரைக்கும் காத்திருக்கேன். ஆனா நான் அன்னிக்குக் கேட்ட கேள்வி அப்படியே நிக்குதே. கூடத்துக்கு ஏன் யாரும் வர மாட்டேங்கிறாங்க? இப்படியே போனா பூட்டிடணும்மா. பூட்டினா, அவளை இன்னொரு தடவை தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும் எனக்கு.”

அம்மா ஈரக் கையைத் துண்டுல தொடச்சாங்க.

“இடிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கொட்டகையில என்னய்யா இருந்துச்சு?”

“என்னம்மா இருக்கும்? நீங்க பாக்காததா? கீரைத் தண்டு, கடலைத் தோலு, வெத்தலைக் கறை. எல்லாம் குப்பை. சுத்தமா எடுத்துட்டேன்.”

“குப்பை இல்ல சார்!”

கதவோரத்துல இருந்து டில்லி. காலி வாளி கையில ஆடுது. இந்தத் தடவை தணிகாசலம் பாத்த பார்வை வேலைக்கு ஆகல.

“ஆளுங்க இருந்தாங்க சார். செண்பகம் அக்கா கூட உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு, ஊர்க்கதை பேசிக்கிட்டு, அம்மா பேசுறப்போ தூங்கி விழுந்துக்கிட்டு. கூடம் திறந்தன்னிக்கு எல்லாரும் கீரைக்கட்டோட வந்தாங்க. டைல்ஸ் கறையாயிடும்னு கேட்லயே நின்னு திருப்பி அனுப்புனது நீங்கதான் சார். எங்கம்மாவும் அதுல ஒருத்தங்க.”