மூங்கில் குழாயும் பத்து ஆடுகளும்

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆடு சாட்சி சொன்ன கதை ஒண்ணு சொல்றேன்.

நெடும்பாறைக் கோட்டையில் குமாரபூபதி என்று ஒரு ராஜா. அவர் அரண்மனையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாக எந்த மருந்து வந்தாலும் முதலில் பத்து ஆடு குடிக்கணும். தினம் காலையில், ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள். பத்தும் நல்லபடியாக இருந்தால்தான் அந்த மருந்து மனுசர் வாய்க்குப் போகும்.

போகலாமா கூடாதா என்று சொல்கிற வேலை சடையாண்டிக்கு. அவர் ஏட்டைத் தொட்டதில்லை. ஆனால் ஆடு, மாடு, குதிரை எது முகத்தைச் சுளித்தாலும் ஏன் என்று சொல்லிவிடுவார்.

அந்த வருஷம் ராணி உலகம்மைக்கு மூச்சிழுப்பு. அந்த நேரம் பார்த்துக் கனகசபை வைத்தியர் ஒரு ஜாடிக் கறுப்புக் கஷாயத்தோடு வந்து நின்றார். "மூணே நாள். ராணியம்மா மாடிப்படி ஏறுவாங்க!" ராஜாவும், "ஏறினால் நீர்தான் தலைமை வைத்தியர்" என்று சொல்லிவிட்டார்.

கெட்ட நேரம், சடையாண்டி ஊரில் இல்லை. எல்லைக் கோட்டையில் குதிரைகளுக்கு இருமல் என்று போயிருந்தார். ஆடுகளைத் தன் ஆட்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்தியர் பொறுப்பை வாங்கிக்கொண்டார்.

சடையாண்டி திரும்பி வந்தது சரியாக நாற்பத்தெட்டாம் நாள். காலில் புழுதி போகவில்லை, ராஜா பிடித்துக்கொண்டார்.

"சடையாண்டி! பத்து ஆடும் கொழுகொழுன்னு இருக்கு. நாளைக் காலையில ராணிக்கு மருந்து. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"ஆடுகளைப் பார்த்துட்டுச் சொல்றேன், மகாராஜா."

"அவ மூச்சுக்குத் தவிக்கிறதைக் கேட்டுட்டு வந்து நிக்கிறேன். பொழுது சாயறதுக்குள்ள சொல்லு. வேண்டாம்னா காரணம் வேணும். காரணமில்லாம நீ தடுத்து அவளுக்கு ஏதாவது ஆச்சு, உன் தலை உன்கிட்ட இருக்காது."

சடையாண்டி கழுத்தைத் தடவிக்கொண்டே ஆட்டுக் கொட்டிலுக்குப் போனார். பின்னாலேயே ராஜா. அவருக்குப் பின்னால் வைத்தியர், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு.

பத்து ஆடும் பளபளவென்று நின்றன. சடையாண்டி ஜாடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்தார். உடம்பையே உலுக்கிப் போட்டது, துப்பினார்.

"மருந்து புகட்டுற மூங்கில் குழாய் எங்கே?"

கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வெறுங்குழாயைத் தூக்கி ஆடுகளுக்கு முன்னால் காட்டினார்.

அவ்வளவுதான்! மூன்று ஆடுகள் கத்திக்கொண்டு ஓடிப்போய் மூலைச் சுவரில் ஒட்டிக்கொண்டன. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறப் பார்த்தது. மற்ற ஏழும்? ஆற அமர நடந்து வந்து, குழாயின் முனையை முகர்ந்து, கடித்து மெல்ல ஆரம்பித்தன.

"என்னய்யா விளையாட்டு இது?" என்றார் ராஜா.

"மகாராஜா, சின்ன வயசுல உங்களுக்கு விளக்கெண்ணெய் கொடுத்திருப்பாங்களே. அந்தக் கிண்ணத்தைக் கண்டா என்ன செய்வீங்க?"

"கட்டிலுக்கு அடியில புகுந்துக்குவேன்."

"அந்த மூணும் அதைத்தான் செய்யுது. ஒரு மண்டலமா இதைக் குடிச்ச ஆடு எதுவும் இந்தக் குழாய்கிட்ட வராது. இந்த ஏழும் இப்பத்தான் முதல் தடவையா இதைப் பார்க்குது. அப்படின்னா மருந்து குடிச்ச ஏழு ஆடு எங்கே?"

ராஜா திரும்பி வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் சளைக்கவில்லை.

"ஆட்டுக்கு ஆடு குணம் மாறும், மகாராஜா. இந்த ஏழுக்கும் என் மருந்து ருசி பிடிச்சுப்போச்சு. ஆசையா வருது."

"அப்படியும் இருக்கலாம்" என்றார் சடையாண்டி. குழாய் நிறைய மருந்தை ஊற்றினார். "அவ்வளவு ருசின்னா நீங்களும் ஒரு வாய் குடிங்க, வைத்தியரே. ஆ காட்டுங்க."

வைத்தியர் ஓரடி பின்னால் வைத்தார். சடையாண்டி ஓரடி முன்னால் வைத்தார். இன்னும் ஓரடி. இன்னும் ஓரடி. கடைசியில் வைத்தியரின் முதுகு மூலைச் சுவரில் முட்டியது. மூன்று ஆடுகளுக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கிட்ட வராதேய்யா!" விரலிடுக்கு வழியாகக் கத்தினார். "அந்த ஏழும் துடிதுடிச்சுச் செத்துச்சுய்யா!"

சடையாண்டி குழாயைக் கவிழ்த்து மருந்தைத் தரையில் கொட்டினார்.

"மகாராஜா, தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் சடையாண்டி. "மருந்தை அறிஞ்சது மூணு இல்ல, நாலு."

ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. நாளைக் காலையில் தன் கையாலேயே ராணிக்குப் புகட்டியிருப்பாரே!

"உலகம்மைக்கு என்னய்யா கொடுக்கிறது?"

"பழைய ஆடாதோடைக் கஷாயமே குடிக்கட்டும். மெதுவாத்தான் கேட்கும். ஆனா கேட்கும்."

கேட்டது. தை பிறக்கும்போது ராணி தானே நடந்து கோயிலுக்குப் போனார். அது பிறகு நடந்தது.

அன்றைக்கு ராஜா, "உனக்கு என்ன வேணும், கேள்" என்றார்.

"இந்த மூணுக்கும் இனிமே மருந்து வேண்டாம், மகாராஜா. பாவம், மேஞ்சு திரியட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

சடையாண்டி குழாயை முழங்காலில் வைத்து உடைத்துப் போட்டார். கொட்டில் கதவைத் திறந்து, மூன்று ஆடுகளையும் முதுகில் தட்டி வெளியே விட்டார். அவற்றோடு நாலாவதாகக் குனிந்து நழுவப் பார்த்தவரை மட்டும் தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, தாழ்ப்பாள் போட்டார்.